ஆழம் அறியாமல் அகழலாமா?

கெடா மாநிலத்தின் பாலிங் வட்டாரத்திலுள்ள உலு லெகோங் வெந்நீர் ஊற்றைக் கண்டு திரும்புவோரில் சிலர், "இந்த வெப்பத்தைத் துளையிட்டு எடுத்து மின்சாரமாக்கினால் என்ன?" என வினவுகின்றனர். வினா நன்று, விடை காணுமுன் விரைவதே தீது.

எரிமலை நாடுகளின் கணக்கைக் கொண்டு கெடாவை அளத்தல் பிழையாகும். ஜாவாத் தீவில் எரிமலைகள் நிலத்தடி நீரைச் சூடேற்றுகின்றன. தீபகற்ப மலேசியாவிலோ மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழ இறங்கி, அங்குள்ள வெப்பத்தால் சூடேறி மேலெழுகிறது. குளிக்கப் போதுமான சூடு பெரியதொரு மின்நிலையத்தை இயக்கவும் போதுமா என்பதை ஆய்வு சொல்ல வேண்டும், ஆசை சொல்லலாகாது. பழைய எரிமலை நிலமாகிய சபாவின் தாவாவிலேயே, 30 மெகாவாட் மின்சாரம் தரும் என்று எதிர்பார்க்கப்பட்ட ஆப்பாஸ் கிரித் திட்டம் நிறைவேறாமற் போயிற்று.

தென்கொரியாவின் போஹாங் நகரில் நேர்ந்தது இன்னும் கொடிது. அங்கு ஆழ்துளைகளில் பேரழுத்தத்துடன் நீர் செலுத்தப்பட்டது. 2017 நவம்பரில் 5.4 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டுப் பலர் காயமுற்றனர். அத்திட்டமே நிலநடுக்கத்தைத் தூண்டியதென 2019இல் அரசின் ஆய்வுக்குழு முடிவுரைத்தது.

அதனால் முயற்சியே வேண்டாம் என்பதா? அன்று. அண்டை நாடான தாய்லாந்தின் ஃபாங் என்னுமிடத்தில் 1989 முதல் இயங்கிய நிலையம் 300 கிலோவாட் அளவினதே. மின்னாக்கத்துக்குப் பின் எஞ்சிய சுடுநீர், விளைபொருள்களை உலர்த்தவும் பயன்பட்டது. இருப்பதை அளந்து, அதற்கேற்பச் செய்த செயல் அது.

அளப்பது மட்டும் போதாது, அறிவிக்கவும் வேண்டும். 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, அந்நிலத்தில் உழைத்தவர்களை எவர் கேட்டார்? கேளாத அக்கொடுமைக்கு விடையாகவே 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தையும் வாங்கிற்று. நிலத்தின் மேற்பரப்பைப் பற்றிக் கற்ற அப்பாடம் அதன் ஆழத்துக்கும் பொருந்தும்.

ஆதலின், பாலிங்கிலோ வேறெங்கோ துளையிட எண்ணுவோர் முதலில் வெப்பத்தையும் நீரோட்டத்தையும் அளக்கட்டும். கண்டதை மலாயிலும் தமிழிலும் அச்சிட்டுச் சுற்றியுள்ள கம்பங்களிலும் தோட்டங்களிலும் வழங்கட்டும். மக்கள் கேட்கும் வினாக்களுக்கு நேரில் விடையளிக்கட்டும். அதன் பின்னரே பொறி இறங்கலாம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது முன்னோர் மொழி; காலையே விடக்கூடாத இடத்தில் துளைக்கருவியை விடுவது எங்ஙனம் தகும்?