துவக்கு கேட்பவர்களிடம் ஒரு கேள்வி

 

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

வெலிகம பிரதேச சபைத் தவிசாளர் லசந்த விக்ரமசேகர 2025 ஒக்டோபர் 22ஆம் திகதி தன் அலுவலகத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பிறகு எதிர்க்கட்சி எம்.பி.மார் பாதுகாப்புக் கேட்டார்கள், துவக்கும் கேட்டார்கள். இப்போது அந்தப் பேச்சு நம் வட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்துவிட்டது. "யாவாரிகளுக்கும் பிஸ்டல் லைசன்ஸ் கொடுத்தால் என்ன?"

பயம் நியாயமானதுதான். 2025 பெப்ரவரி 19 அன்று புதுக்கடை நீதிமன்றத்துக்குள், சட்டத்தரணி உடையில் வந்தவன் கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டான். துவக்கு உள்ளே போனது நடுவில் வெட்டிய புத்தகமொன்றுக்குள். இரண்டு நாளில் நம் கொட்டாஞ்சேனையிலும் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கடையடைத்து வீடு போகும் மனிதன் பயப்படாமல் என்ன செய்வான்?

ஆனால் ஒரு கேள்வி. இந்தத் துவக்குகள் எங்கிருந்து வருகின்றன?

ஒரே ஒரு இராணுவ முகாமிலிருந்து 73 ரீ-56 துவக்குகள் பாதாள உலகத்துக்குப் போயிருப்பதாக ஜனாதிபதியே பாராளுமன்றத்தில் சொன்னார். 2001இல் இராணுவம் டக்ளஸ் தேவானந்தாவுக்குக் கொடுத்த பிஸ்டல் ஒன்று, 2019இல் மாகந்துரே மதூஷ் தொடர்பான விசாரணையில் கிடைத்தது. அது பற்றி 2025 டிசம்பரில் அவர் கைதானார். குற்றவாளியா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நாம் பார்க்க வேண்டியது வேறு: பாதுகாப்புக்கென்று கொடுத்த ஆயுதம் கைமாறியிருக்கிறது, அது பல வருடம் யார் கண்ணிலும் படவில்லை. எம்.பி.க்கே அப்படியென்றால், கடை லாச்சிக்குள் வைக்கும் பிஸ்டல் எத்தனை நாள் லாச்சியில் இருக்கும்?

அமெரிக்காவில் துவக்கு வைத்திருப்பது அரசியலமைப்பு உரிமை. 2022இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதை வெளியே கொண்டு திரிவதும் உரிமை என்று நியூயோர்க் வழக்கில் தீர்ப்பளித்தது. அங்கே பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒளிந்துகொள்ளப் பயிற்சி கொடுக்கிறார்கள். இங்கே 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டப்படி துவக்கு உரிமை அல்ல, அனுமதி. கொடுத்ததைத் திருப்பியும் கேட்கலாம். 2024இன் கடைசியில் தற்பாதுகாப்புக்கென்று கொடுத்த துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கச் சொன்னார்கள். அது சரியான முடிவு. அதைப் பின்னோக்கித் திருப்ப நாம் கேட்கக் கூடாது.

ஆயுதம் நம்மைக் காக்கும் என்பதை நம் சமூகம் ஒருமுறை பார்த்துவிட்டது. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலத்தில் ஊர்காவல் படைக்கு அரசு துவக்கு கொடுத்தது. அந்தத் துவக்குகளில் சில பக்கத்துத் தமிழ் ஊர்களின் அப்பாவிகள் மீதும் திரும்பின. இரண்டு பக்கமும் ஜனாஸாவும் பிணமும்தான் மிஞ்சின. பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழும் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் அது வேண்டாம்.

இன்னொன்று. கொட்டாஞ்சேனைக் கொலைக்குக் கைதான இருவர் மறுநாளே பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆயுதம் காட்டக் கூட்டிப்போன இடத்தில் நடந்தது என்றார்கள். நம்மில் பலர் "நல்ல வேலை" என்று ஷெயார் செய்தார்கள். யோசித்துப் பாருங்கள், அந்தத் துவக்கைக் கொடுத்தவன் யார் என்று சொல்லக்கூடிய இரண்டு வாய்களும் மூடிவிட்டன. கொடுத்தவன் நிம்மதியாகத் தூங்குவான்.

2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு வாள், கத்தியை ஒப்படைக்கச் சொன்னார்கள். சமையலறைக் கத்தியைக்கூட எங்கே வைப்பதென்று நம் தாய்மார் தடுமாறினார்கள். வீட்டுக் கத்தியைக் கணக்கெடுக்க முடிந்த அரசுக்கு முகாம் துவக்கைக் கணக்கெடுக்க முடியாதா?

ஆகவே நம் எம்.பி.மாரிடமும் மாநகர சபை உறுப்பினர்களிடமும் நாம் கேட்க வேண்டியது லைசன்ஸ் அல்ல. முகாம்களிலும் அரசியல்வாதிகளிடமும் உள்ள ஆயுதக் கணக்கைப் பாராளுமன்றத்தில் வையுங்கள். பிடிபட்டவனை உயிரோடு நீதவான் முன்னால் நிறுத்துங்கள். துவக்கு கொடுத்தவன் வரை விசாரியுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. ஓ.எல். வகுப்புப் பொடியன்களுக்குப் பாதாள உலகக்காரர்களின் பட்டப்பெயர்கள் பாடமாக இருக்கின்றன. பிள்ளையின் போனில் யாருடைய வீடியோ ஓடுகிறது என்று இன்றிரவு ஒருமுறை பாருங்கள். அதற்கு யாரிடமும் லைசன்ஸ் கேட்கத் தேவையில்லை.