புல்லட்டுக்குப் புது பிஸ்டன் போடப்போகிறீர்களா?

"டுப்... டுப்... டுப்..." என்று தெருமுனையில் சத்தம் கேட்டால் போதும். புல்லட் மோட்டார் சைக்கிள் வருகிறது என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

1955-ம் ஆண்டில் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி தொடங்கப்பட்டது. அன்று முதல் புல்லட் நம் ஊர் வண்டியாகவே ஆகிவிட்டது. அப்பா ஓட்டிய பழைய புல்லட்டை இன்று மகன் ஓட்டுகிறான். வண்டிக்கு வயதாகிவிட்டது. புகை கக்குகிறது, ஆயில் குடிக்கிறது. "பிஸ்டன் மாற்றவேண்டும் தம்பி" என்கிறார் மெக்கானிக்.

அங்கேதான் மகனுக்கு ஓர் ஆசை பிறக்கிறது. "மாற்றுவதுதான் மாற்றுகிறோம். கம்ப்ரஷனை ஏற்றிவிட்டால் என்ன? வண்டி பறக்குமே!"

பறக்குமா? பறக்காது, பர்சுதான் பறக்கும் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

கம்ப்ரஷன் என்றால் என்ன?

சிலிண்டருக்குள் மேலும் கீழும் போய் வருவது பிஸ்டன். அது கீழே இறங்கும்போது காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கிறது. மேலே ஏறும்போது அந்தக் கலவையை அமுக்குகிறது. பிளக் தீப்பொறி போடுகிறது. கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அந்தத் தள்ளுதான் வண்டியை ஓட்டுகிறது.

ஏழு படி கலவையை ஒரு படியாக அமுக்கினால் கம்ப்ரஷன் 7. ஒன்பது படியை ஒரு படியாக அமுக்கினால் 9. அவ்வளவுதான் விஷயம்!

350 புல்லட்டின் சிலிண்டர் குறுக்களவு 70 மி.மீ. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. கணக்குப் போட்டால் 346 சி.சி. வரும். கம்ப்ரஷன் 7 வேண்டுமானால், பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் அதன் தலைக்குமேல் சுமார் 58 சி.சி. இடம் மிஞ்சவேண்டும். 9 வேண்டுமானால் 43 சி.சி. போதும். இரண்டுக்கும் வித்தியாசம், மூன்று தேக்கரண்டித் தண்ணீர் பிடிக்கும் இடம்தான்!

தலை மேடான பிஸ்டன் போட்டால் இந்த இடம் குறைந்து கம்ப்ரஷன் ஏறும். தலை குழிந்த பிஸ்டன் போட்டால் இறங்கும்.

லாபம் எவ்வளவு?

கார்களில் உள்ள டர்போபோல காற்றை ஊதி அடைக்கும் கருவி புல்லட்டில் கிடையாது. தானாகவே மூச்சு இழுக்கும் என்ஜின் அது. ஆகவே சக்தியைக் கூட்டக் கம்ப்ரஷனை ஏற்றுவது ஒரு வழி என்பது உண்மைதான். ஆனால் கிடைப்பது எவ்வளவு?

என்ஜினியரிங் பாடக் கணக்கின்படி, கம்ப்ரஷன் 7-லிருந்து 9-க்கு ஏறினால் சக்தி சுமார் 8 சதவீதம் கூடும். 18 குதிரை சக்தி உள்ள வண்டிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் குதிரை! அதுவும் ஏட்டுக் கணக்கு. ரோட்டில் இன்னும் குறையலாம்.

நஷ்டம் எவ்வளவு?

காற்றை அமுக்க அமுக்கச் சூடு ஏறும். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். என்ஜினிலும் அதே கதைதான். சூடு மிஞ்சினால், பிளக் தீ பரவி வருவதற்குள் மூலையில் இருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். "டக் டக்" என்று சுத்தியலால் தட்டுவதுபோலச் சத்தம் வரும். இதுதான் "நாக்கிங்".

பழைய புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பு இரும்பு. குளிர வைக்கத் தண்ணீர் இல்லை, எதிர்க்காற்றுதான் கதி. கத்திரி வெயிலில், இரண்டு பேர் ஏறி, ஒரு மேம்பாலம் ஏறினால் என்ன ஆகும்? நாக்கிங் தொடர்ந்தால் ரிங் உடையும். பிஸ்டன் தலையில் ஓட்டையே விழும். பிஸ்டன் சிலிண்டரில் இறுகிக்கொண்டால் ஓடும் வண்டியின் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அப்புறம் நடப்பதைச் சொல்லவும் வேண்டுமா?

நாக்கிங்கை அடக்க, 1921-ம் ஆண்டில் அமெரிக்காவில் தாமஸ் மிட்க்லி என்பவர் பெட்ரோலில் ஈயம் கலக்கும் வழியைக் கண்டுபிடித்தார். ஈயமோ விஷம். குழந்தைகளின் மூளையையே பாதிப்பது. நம் நாட்டில் 2000-ம் ஆண்டில்தான் அது ஒழிந்தது. கம்ப்ரஷன் ஆசைக்கு உலகம் கொடுத்த விலையைப் பார்த்தீர்களா?

"பெட்ரோல் மாறிவிட்டதே!"

"இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. அதற்கு நாக்கிங்கைத் தாங்கும் சக்தி அதிகம் ஆயிற்றே!" என்று விவரம் தெரிந்த வாலிபர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட எரிசக்தி குறைவு. அதே கார்புரேட்டர் ஜெட் வழியாகப் போனால் கலவை இளைத்து, என்ஜின் மேலும் சூடாகலாம். பழைய ரப்பர் பாகங்களையும் அது அரிக்கலாம். முதலில் அவற்றைக் கவனியுங்கள்.

எந்த பிஸ்டன் வாங்கலாம்?

வார்த்த பிஸ்டன், அடித்து உருவாக்கிய 'போர்ஜ்டு' பிஸ்டன் என்று இரண்டு வகை உண்டு. போர்ஜ்டு பிஸ்டன் பலசாலி. பந்தயத்துக்கு ஏற்றது. ஆனால் சூட்டில் அதிகம் விரியும். சிலிண்டரில் இடைவெளி கூடுதலாக விடவேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று சத்தம் போடும். விலையும் அதிகம். ஆபீசுக்கும் சந்தைக்கும் போய்வர நல்ல வார்த்த பிஸ்டனே போதும்.

லேத் பட்டறைக்குப் போகுமுன் பிஸ்டனை வாங்கிவிடுங்கள். பிஸ்டனை அளந்து அதற்கு ஏற்றபடிதான் போர் போடவேண்டும். போர் போட்டுவிட்டுப் பிஸ்டன் தேடுவது தவறு.

தலை மேடான பிஸ்டன் என்றால், அதன்மேல் களிமண் உருண்டையை வைத்து, என்ஜினை மூடிக் கையாலேயே சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு திறந்து, வால்வு அழுத்திய இடத்தில் களிமண் எவ்வளவு கனம் இருக்கிறது என்று அளக்கவேண்டும். 2 மி.மீ.க்குக் குறைந்தால் அந்தப் பிஸ்டன் வேண்டாம்.

என் யோசனை

கம்பெனி கொடுத்த கம்ப்ரஷனே இருக்கட்டும். மிஞ்சும் பணத்தில் பிரேக் லைனிங் மாற்றுங்கள், நல்ல டயர் போடுங்கள், கார்புரேட்டரைச் சீர்செய்யுங்கள். வண்டி புதிது போல ஓடும்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள் பெரியோர்கள். அது என்ஜினுக்கும் பொருந்தும். வேகமாகப் போய் ஊர் மெச்சவேண்டியது இல்லை. போன பிள்ளை பொழுதோடு வீடு திரும்பினால், அதைவிட அம்மாவுக்கு வேறு என்ன வேண்டும்?