டென்னிஸ் பெட்டிங்: அந்த 1.90-க்குள் என்ன கணக்கு இருக்கு?

டென்னிஸில் டிரா கிடையாது. இருவரில் ஒருவர் ஜெயிச்சே ஆகணும். அதனால பெட்டிங் கட்ட இதுதான் ஈஸி என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் அப்படியா?

சம பலமுள்ள இருவர் மோதினால் இருவருக்கும் 'ஆட்ஸ்' 1.90 என்று இருக்கும். 100 ரூபாய் கட்டி ஜெயித்தால் கைக்கு வருவது 190, லாபம் 90தான். தோற்றால் போவது முழு 100. நியாயமான ஆட்ஸ் 2.00. ஜெயிப்பவரிடமே ரூபாய்க்கு 10 பைசா பிடித்துக்கொள்கிறது கம்பெனி. இரண்டு பக்கமும் சமமாகப் பணம் விழுந்தால் யார் ஜெயித்தாலும் அவர்களுக்கு லாபம்.

பெரிய சிக்கல் வேற இடத்தில். ஆட்டம் நடக்கும்போதே அடுத்த பாயிண்ட், அடுத்த கேம் யாருக்கு என்றும் கட்டலாம். ஒரு வீரரை விலைக்கு வாங்க அவர் மேட்ச்சையே தோற்க வேண்டியதில்லை, ஒரு கேமை விட்டுக்கொடுத்தாலே போதும். பரிசுப் பணம் பயணச் செலவுக்கே பத்தாத கீழ்நிலை வீரர்கள்தான் குறி. இப்படி வீரர்களை வளைத்த கும்பலின் தலைவர் கிரிகோர் சர்க்சியனுக்கு 2023-ல் பெல்ஜியம் நீதிமன்றம் 5 ஆண்டு சிறை விதித்தது.

இந்தியாவில்? 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டப்படி, இந்த மாதிரி ஆப் நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை. விளம்பரம் செய்தாலும் குற்றம்தான்.