இலவசம் என்றாலும் நிபந்தனை உண்டு

யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று வெளியிடப்படுபவை திறந்த மூல மென்பொருள்கள். பெங்களூரில் கம்ப்யூட்டர் தொழிலில் உள்ள நம் இளைஞர்களில் இவற்றைத் தொடாதவர் அரிது. ஆனால் விலை இல்லை என்பதால் விதியும் இல்லை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். இது தவறு.

ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமம் உண்டு. தனித்தனியே பார்த்தால் எல்லாம் தாராளமானவையே. ஒன்றாகச் சேர்க்கும்போதுதான் சங்கடம். மீட்டர்கேஜ் பெட்டியும் நல்ல பெட்டிதான். அகலப் பாதையில் அது ஓடாது.

'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' கதை இதற்குச் சான்று. இணையத்தில் செல்லும் கடவுச்சொல், வங்கி விவரம் முதலியவற்றைப் பிறர் படிக்காதபடி காக்கும் இந்த மென்பொருள் 1998-ல் தொடங்கியது. இதைக் குறிப்பிட்டு விளம்பரம் செய்வோர், ஆக்கியோர் பெயரையும் அதில் சொல்ல வேண்டும் என்று பழைய உரிமம் கூறிற்று. சிறிய நிபந்தனைதான். ஆனால் ரிச்சர்டு ஸ்டால்மன் வகுத்த ஜி.பி.எல். உரிமமோ, தன்னுடன் எதைச் சேர்த்து வழங்கினாலும் முழுமைக்கும் தன் விதிகளே பொருந்தும், புதுக் கட்டுப்பாடு கூடாது என்கிறது. ஆகவே இரண்டையும் இணைத்து வழங்க டெபியன் அமைப்பினர் பல ஆண்டுகள் தயங்கினர். ஜி.பி.எல். மென்பொருளை எழுதியவர்கள் தனி விதிவிலக்கு தர வேண்டியதாயிற்று. இல்லையேல் ஓப்பன் எஸ்.எஸ்.எல்.லுக்கு மாற்றுத் தேட வேண்டியதாயிற்று.

உரிமத்தை மாற்றினால் போயிற்று என்று தோன்றலாம். மாற்ற யாருக்கு அதிகாரம்? எழுதிய ஒவ்வொருவருக்கும் தத்தம் பகுதியில் பதிப்புரிமை உண்டே! 2017-ல் ஏறத்தாழ 400 பேரிடம் சம்மதம் கேட்கப்பட்டது. பதில் வராவிடில் ஆட்சேபணை இல்லை என்று கொள்வோம் என்ற வாசகம் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. கண்டனம் நியாயமே. மௌனம் கையெழுத்து ஆகாது. அப்பாச்சி 2.0 உரிமத்துடன் 3.0 பதிப்பு வெளிவந்தபோது 2021 செப்டம்பர் ஆகிவிட்டது. அந்த உரிமமும் ஜி.பி.எல். மூன்றாம் பதிப்புடன்தான் இசையும், இரண்டாம் பதிப்பை மட்டும் ஏற்கும் மென்பொருளுடன் இசையாது என்பதே ஜி.பி.எல்.லை வெளியிடும் அறக்கட்டளையின் கருத்து.

இதற்குப் பரிகாரம் தொடக்கத்திலேயே இருக்கிறது. வெளியிலிருந்து எதை எடுத்தாலும் அதன் உரிமத்தை அன்றே படித்து, பட்டியலில் குறிக்க வேண்டும். ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் உரிமத்தின் பெயரை ஒரே வரியில் எழுதும் முறையை லினக்ஸ் 2017-ல் மேற்கொண்டது. அது சிறிய திட்டங்களுக்கும் ஏற்றதே. பிறர் தரும் பகுதியை ஏற்கும்போதே சம்மதத்தையும் எழுத்தில் பெற வேண்டும். முரண்பாடு தெரிந்தால் உரிமையாளரிடம் விதிவிலக்கு கேட்கலாம்; கிடைக்காவிடில் அப்பகுதியை நீக்கிப் புதிதாக எழுதலாம்.

யார் வழக்குப் போடப் போகிறார்கள் என்று கேட்போர் உண்டு. வழக்கு வருமா என்பதல்ல கேள்வி. கூலி வாங்காமல் உழைத்தவர்களில் பலர் கேட்பது சொன்ன சொல்லை மதியுங்கள் என்பது ஒன்றுதான். அந்தக் கூலியையும் கொடுக்க மறுப்பது நம் இளைஞர்களுக்கு அழகல்ல.