அண்ணனின் அடுக்குக் கட்டில்

பட்டணத்தில் வீடு சுருங்கச் சுருங்கக் கட்டில் உயர்ந்துகொண்டு போகிறது. தாத்தா பாட்டிக்கு ஓர் அறை, தாய் தகப்பனாருக்கு ஓர் அறை என்று ஒதுக்கிய பிறகு பிள்ளைகளுக்கு மிஞ்சுவது ஒரு மூலைதான். ஆகையால் ஒன்றின் மேல் ஒன்றாக அமைந்த அடுக்குக் கட்டில் பல வீடுகளுக்குள் வந்துவிட்டது. கடைக்காரர்கள் இதைப் 'பங்க் பெட்' என்கிறார்கள். ரயிலில் மேல் பர்த்துக்காகச் சண்டை போட்டுப் பழகிய பிள்ளைக்கு வீட்டிலேயே ஒரு மேல் பர்த் கிடைப்பதைவிட வேறு பாக்கியம் என்ன வேண்டும்? எட்டு வயது அண்ணனுக்கு அது ஒரு தனி ராஜ்யம். அதை நாம் குறைகூற வரவில்லை.

நாம் சொல்ல வந்தது அந்த ராஜ்யத்தின் மீது படையெடுப்பவரைப் பற்றி. அவருக்கு வயது ஒன்றரை. அண்ணன் இருக்கும் இடத்தில்தான் உலகத்து அதிசயங்களெல்லாம் நடக்கின்றன என்பது அவருடைய திடமான அபிப்பிராயம். அண்ணனுடைய பென்சிலும் பொம்மைக் காரும் மேலே இருக்கின்றன. அங்கே போவதற்கு ஏணியும் தயாராக இருக்கிறது. பிறகு கேட்பானேன்?

குழந்தைகளுக்கு ஏறுவது முதலில் வருகிறது. இறங்குவது சில மாதங்கள் கழித்துத்தான் வருகிறது. மாடிப்படியில் தவழ்ந்து ஏறிவிட்டு, இறங்கத் தெரியாமல் மேலே உட்கார்ந்து அழும் குழந்தையை நேயர்கள் பார்த்திருப்பார்கள். படியிலாவது உட்கார இடம் உண்டு. ஏணியின் குறுகலான சட்டத்தில் அது கிடையாது. பிடித்த கை சோர்ந்தால் கீழே விழ வேண்டியதுதான். அமெரிக்க நாட்டில் 1990 முதல் 2005 வரையிலான விபரங்களை ஆராய்ந்து 2008-ஆம் வருஷம் வெளியிட்ட கணக்கின்படி, ஆண்டொன்றுக்குச் சுமார் 36,000 பிள்ளைகளும் இளைஞர்களும் அடுக்குக் கட்டிலால் காயம் பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் ஆறு வயது நிரம்பாதவர்கள்.

இதற்கு நம்முடைய வீடுகளில் செய்யும் பரிகாரம் என்ன? "கண்ணா, தம்பி மேலே ஏறாமல் நீ பார்த்துக்கொள்" என்று பெரியவனிடம் சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுகிறோம். பிள்ளைகளுடனேயே காலம் தள்ளும் உபாத்தியாயர் என்ற முறையில், இது நியாயமல்ல என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். எட்டு வயதுப் பிள்ளை ஒரு சித்திரத்துக்கு வர்ணம் தீட்ட ஆரம்பித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அதற்குத் தெரியாது. அதுதான் அந்த வயதின் அழகு. அதனிடம் காவல் உத்தியோகத்தைக் கொடுக்கலாமா?

நமது வகுப்பில் ஒரு பெண் குழந்தை ஒரு வாரமாக வாயைத் திறவாமல் இருந்தாள். மெதுவாக விசாரித்ததில், "பாப்பா விழுந்தது என்னாலேதான், ஸார்" என்றாள். பாப்பாவுக்கு முன்கை எலும்பில் சிறு முறிவு. சில வாரங்களில் கூடிவிட்டது. ஆனால் அந்த வருஷம் முடியும் வரையில், பாப்பா கிட்டே வந்தால் அக்கா எட்டிப் போய் நின்றுகொண்டாளாம். அவள் தாயார் நம்மிடம் இதைச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது.

காவல் காக்க வேண்டியவர்கள் பெரியவர்கள். அதிலும் காவலைவிட மேலானது ஏணியை அப்புறப்படுத்துவது. கழற்றும்படியான ஏணியானால், காலையில் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டு இரவில் மாட்டலாம். கட்டிலோடு பொருத்திய ஏணியானால், கீழ்ச் சட்டங்களை மறைத்து மாட்டும்படி ஒரு வழவழப்பான பலகையைத் தச்சரிடம் செய்து வாங்கலாம்; பெரியவன் படுக்கும்போது அதை எடுத்துவிட வேண்டும். இழுப்பறைகளையே படிகளாக அமைத்த புது மாதிரிக் கட்டில்களில் இவ்விரண்டு உபாயமும் பலிக்காது. அறைக் கதவின் தாழ்ப்பாளை உயரத்தில் வைப்பதுதான் வழி. விளையாட்டுச் சாமான்களைக் கீழேயே வைத்துவிட்டால் படையெடுப்பின் நோக்கமே பாதி குறைந்துவிடும்.

அண்ணனே ஆசையாகத் தம்பியைத் தூக்கி மேலே விடுவதும் உண்டு. ஆகவே மேல் தட்டையும் சற்றுக் கவனிக்க வேண்டும். இரண்டு பக்கமும், சுவர்ப் பக்கம் உள்பட, தடுப்பு இருக்க வேண்டும். 2000-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் அமலுக்கு வந்த விதிகளின்படி, தடுப்பு மெத்தைக்கு மேல் 5 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். இடைவெளிகள் 3½ அங்குலக் கட்டை நுழையாத அளவில் இருக்க வேண்டும். சந்து அகலமானால் குழந்தையின் உடல் கால் வழியாக நழுவிப்போய்த் தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். அந்த விபரீதத்தை நாம் விவரிக்க விரும்பவில்லை. பழைய மெத்தையை மாற்றி ஆறு அங்குலத்தில் புது மெத்தை போடுகிறவர்கள், தடுப்பு எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்து பார்ப்பதில்லை. மேல் கம்பியில் துப்பட்டாவைத் தொங்கவிட்டு ஊஞ்சல் கட்டும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். தொங்கும் துணி சிறு குழந்தையின் கழுத்துக்கு யமன்.

நமது ஊருக்கே உரிய அபாயம் மின்விசிறி. கூரை ஒன்பது அடி என்றால், விசிறியின் இறக்கைகள் எட்டடிக்கும் கீழே சுழல்கின்றன. மேல் மெத்தை ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. நாலடிப் பையன் அதன் மேல் எழுந்து நின்றால் எங்கே போய் முட்டுவான் என்பது ஒன்றாம் வகுப்புக் கணக்கு. கட்டிலை விசிறிக்கு நன்றாக விலக்கிப் போட வேண்டும். இடமில்லையானால், கட்டிலிலிருந்து கை எட்டாத சுவரில், கூண்டுள்ள விசிறியைப் பொருத்திக்கொள்வதே உசிதம்.

அப்படியும் குழந்தை விழுந்துவிட்டால், "அழுதுவிட்டான், இனி பயமில்லை" என்று இருந்துவிடக் கூடாது. திரும்பத் திரும்ப வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்க மயக்கம், வலிப்பு, காது மூக்கில் நீரோ ரத்தமோ வடிதல் ஆகியவற்றில் எது கண்டாலும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கழுத்தில் அடி என்று தோன்றினால் தூக்கி நிறுத்தாமல் 108-ஐ அழைப்பது நல்லது.

இன்னும் கட்டில் வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டாகப் பிரித்துத் தனித்தனிக் கட்டிலாகப் போடக்கூடிய மாதிரிகளும் விற்கின்றன. அதை வாங்கி, சின்னவன் பெரியவனாகும் வரையில் இரண்டையும் தரையிலேயே போட்டுவிடலாம். அறையில் நடக்க இடமிராது என்பார்கள். வாஸ்தவந்தான், கொஞ்ச காலம் ஒருக்களித்து நடந்தால் போகிறது.