போலி அமினோ அமிலமும் பயிரின் தழைச்சத்தும்

வயலுக்கு வேண்டுவன எருவும் நீருமே. ஆராய்ச்சிசாலையில் கண்ணாடிக் குழாய்களைக் கொண்டு செய்யப்படும் வேலையால் குடியானவனுக்கு யாது பயன் என வினவுவோர் பலர் உளர். அவ்வினா பொருந்தாதென்பதற்கு மெதியோனின் ஸல்பாக்ஸிமின் என்னும் பொருளின் வரலாறே போதும்.

இப்பொருள் முதலில் விஷமாகவே வெளிப்பட்டது. கோதுமை மாவை வெண்மையாக்கும் பொருட்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நைட்ரஜன் டிரைகுளோரைடு என்னும் வாயுவை நெடுநாள் அதனுள் செலுத்தி வந்தனர். அம்மாவால் செய்த உணவைத் தின்ற நாய்கள் வெறிகொண்டு ஓடி வலிப்புறுவதை எட்வர்ட் மெல்லன்பி 1946-ல் எடுத்துக்காட்டினார். மாவின் புரதத்திலுள்ள மெதியோனின் என்னும் அமினோ அமிலம் வாயுவால் திரிந்து இந்நஞ்சாக மாறியதே காரணமெனப் பின்னர்த் தெளிவாயிற்று. கண்ணுக்கு அழகாயிருக்க வேண்டுமென்று உணவைக் கெடுப்பது எந்நாட்டிலும் உள்ள பேதைமை போலும். அம்முறை இரு நாடுகளிலும் கைவிடப்பட்டது.

ஆயினும் ஆய்வாளர் அந்நஞ்சை எறிந்துவிடவில்லை. செயற்கையாகவே செய்து கருவியாகக் கொண்டனர். அது குளூடாமிக் அமிலத்தை ஒத்த வடிவுடையது. அம்மோனியாவைக் குளூடாமிக் அமிலத்தோடு சேர்க்கும் குளூடாமின் ஸிந்தடேஸ் என்னும் என்ஸைம், இப்போலியை உண்மையென மயங்கிப் பற்றிக்கொண்டு, பின் விடமாட்டாது செயலற்றுப் போகின்றது.

பயிர் அம்மோனியாவைப் புரதமாக்குவது குளூடாமேட் டிஹைட்ரோஜினேஸ் என்னும் வேறோர் என்ஸைமினாலேயே என்று முன்னர் எண்ணியிருந்தனர். அதனை இப்போலி தடுப்பதில்லை. எனினும் போலியை ஏற்ற செடிகளில் அம்மோனியா பயன்படாமல் தேங்கிற்று. ஆகவே முதன்மையான வழி வேறென்பது புலப்பட்டது. அவ்வழியின் இரண்டாம் படியைப் பட்டாணி இலையின் பசுங்கணிகங்களில் லீ, மிஃப்லின் என்னும் இருவர் 1974-ல் கண்டறிந்தனர்.

இதில் குடியானவர் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இவ்வழிக்கு ஆற்றலும் கரிப்பொருளும் வேண்டும். இரண்டையும் தருவது வெயிலில் உழைக்கும் பச்சிலையே. யூரியா மண்ணில் அம்மோனியாவாகின்றது. நீர் தேங்கிய நெல்வயலில் அது பெரும்பாலும் அவ்வுருவிலேயே பயிரை அடைகின்றது. வேர் பிடியாத நாற்றுக்கும், மழைமூட்டத்தில் நிற்கும் பயிருக்கும் மூட்டை மூட்டையாக இடுவதால் புரதம் பெருகாது. பயிர் ஏலாத பகுதி காற்றிலும் நீரிலும் வீணாகும். மிகையாக ஏற்ற பயிரோ குலைநோய்க்கும் புகையானுக்கும் எளிதில் இரையாகும். தவணையாகப் பிரித்து இடுக என்னும் அறிவுரையை அலுவலகச் சம்பிரதாயமென எண்ணி, ஆள்கூலி மிச்சமென ஒரே நாளில் கொட்டிவிடுவோர், மிச்சம் பிடித்ததைக் காட்டிலும் இழப்பதே அதிகம்.

இதே என்ஸைமைத் தடுப்பதே குளூபோஸினேட் என்னும் களைக்கொல்லியின் தொழிலும். அதைத் தெளிக்கும் ஆட்களுக்கு, அது களையென்றும் பயிரென்றும் பார்ப்பதில்லை என்பதைக் காற்றடிக்கும் நாளுக்கு முன்னரே கிராமத்தார் சொல்லிவைப்பது நலம்.