சுவரில் இருக்கும் சுவிச் யாருடையது?

நான்கு அடி தூரத்தில் எரியும் விளக்கை அணைக்க, நமது கட்டளை கடல் கடந்து ஒரு நிறுவனத்தின் வழங்கிக்குச் சென்று திரும்ப வேண்டுமா? 'ஸ்மார்ட்' சுவிச்சுகள் பலவற்றின் நடைமுறை இதுதான்.

அந்த வழங்கி மூடப்பட்டால்? 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியொன் நிறுவன வழங்கிகள் முன்னறிவிப்பின்றி நின்றன. பெல்கின் நிறுவனமோ தனது வீமோ சாதனங்களில் பெரும்பாலானவற்றுக்கான இணையச் சேவையை 2026 ஜனவரி 31 உடன் முடித்துக்கொள்வதாக 2025 இல் அறிவித்தது.

ஆயினும், ஏற்கெனவே வீட்டில் இணைக்கப்பட்ட வீமோ சுவிச் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே கட்டளையை ஏற்கக்கூடியது. அதற்கெனத் தன்னார்வலர்கள் எழுதிய 'பைவீமோ' என்ற பைதன் நிரல்தொகுப்பு உண்டு. சுவிச்சைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு வரி. இயக்க இன்னொரு வரி. கலைப் பட்டதாரியான எனக்கே அது விளங்கியது. கட்டளை ரௌட்டரைத் தாண்டி வெளியே போவதில்லை.

எல்லோரும் நிரல் எழுத வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. வாங்குமுன் கடைக்காரரிடம் ஒரேயொரு கேள்வியைக் கேளுங்கள்: இணையத்தைத் துண்டித்தாலும் இது வேலை செய்யுமா? 'இல்லை' என்பது பதிலானால், பணம் நம்முடையது; சுவிச் அவர்களுடையது.